துறைமுகப் பக்கத்து வளையம்

நிருஜா: கையை வையாதேங்கோ நானா. முதல்ல ஏணியை எடுக்கச் சொல்லுங்கோ.

ஸைனுலாப்தீன்: ஏணி உனக்கு என்ன செஞ்ச புள்ள? அது பாட்டுக்குச் சாஞ்சு நிக்குது.

நிருஜா: ஏணி ஒண்டும் செய்யேல்லை. ஏணியிலை நிக்கிற இக்ராம் அண்ணன்ட கையிலை வெல்டிங் கம்பி கிடக்கு. அதுதான் எனக்குப் பயம்.

ஸைனுலாப்தீன்: ரிங்கைக் கழட்டுறதுக்கு இல்லை. சூடாக்கி நிமித்துறதுக்கு. கால் மணித்தியால வேலை. நாளைக்கு மட்டக்களப்பு பாஸ்கட்போல் ரீம் வருது. எங்கட கோச் கதிர் சேர் மவுத்தாகி, உங்கட ஆக்கள் செய்யிற முப்பத்தொண்டாம் நாள் சடங்கும் முடிஞ்சு, அவர்ட பேரில வைக்கிற முதல் போட்டி. வாற சனம் என்னத்தைப் பார்க்கும்? அந்தப் பக்கத்து ரிங் மாப்பிள்ளை மாதிரி நேரா நிக்குது. துறைமுகப் பக்கத்து ரிங், பல்லுக்குத்து வந்தவன்ட வாய் மாதிரி ஒரு பக்கம் கோணிக்கொண்டு...

நிருஜா: அது அப்பிடித்தான் நிக்கோணும். 'சரிஞ்ச ரிங்கிலை போட்டுப் பழகினால் நேர் ரிங் உங்களுக்குக் கிணத்து வாய் மாதிரித் தெரியும்' எண்டு சேர் எங்களுக்குச் சொன்னவர்.

ஸைனுலாப்தீன்: எனக்கும் சொன்னவர். நீ பிறக்க முந்தியே சொன்னவர். நான் அவர்ட ரீமுக்குக் கப்டனா இருந்தவன், மறந்துடாதே.

நிருஜா: நீங்கள் மறக்க விட்டால்தானே நானா.

ஸைனுலாப்தீன்: அந்தக் கிணத்து வாய்க் கதையை நம்பித்தான் நாங்க கொழும்புக்குப் போனது. கூரை போட்ட கோர்ட்டை அண்டைக்குத்தான் கண்ணால கண்ட நாங்க. ரிங் நேர். கச்சான் காத்தும் இல்லை. இங்க காத்துக்கும் கோணலுக்கும் சேர்த்து இடப்பக்கம் தள்ளி எறிஞ்சு பழகின கை... எறிஞ்சதெல்லாம் ரிங்குக்கு ஒரு முழம் இடப்பக்கம் போய் விழுந்துது. ஒருத்தனுக்குப் பிழைச்சாச் சரி. அஞ்சு பேருக்கும் ஒரே இடத்தில! மற்ற ரீம் கோச் எழும்பி வந்து சேரிட்டக் கேட்டார், 'இது என்ன விளையாட்டு மாஸ்டர்?' எண்டு.

நிருஜா: சேர் என்ன சொன்னவர்?

ஸைனுலாப்தீன்: 'ஒற்றுமை' எண்டார்.

நிருஜா: சிரிக்க வைக்காதேங்கோ. நான் கோவமா நிக்கிறன்.

ஸைனுலாப்தீன்: நில்லு. கோவமா நிண்டுகொண்டே கேளு. எங்கட இரும்புக் கடையில தராசு இப்பிடிச் சரிஞ்சிருந்தா, அளவு நிறுவைக் கந்தோர்க்காரன் வந்து கதவைப் பூட்டிப்போட்டுப் போவான். நீ அதுக்குப் பயிற்சி எண்டு பேர் வைச்சிருக்கிறாய்.

நிருஜா: கள்ளத் தராசு எண்டு சொல்லாதேங்கோ. பாதியிலை பக்கம் மாறும்தானே? ரெண்டு ரீமுக்கும் ஒரே கோணல்தான்.

ஸைனுலாப்தீன்: ஓம். உன்ட பிள்ளையள் அதோட பிறந்து வளந்தது. வாறதுகள் நாளைக்குத்தான் முதல் முதல் காணப் போகுதுகள். நல்ல நியாயம்.

நிருஜா: நானா... இந்தப் பக்கம் வாங்கோ. இக்ராம் அண்ணனுக்குக் கேட்கக் கூடாது.

ஸைனுலாப்தீன்: சொல்லு.

நிருஜா: சேர் போன பிறகு நான்தான் பயிற்சி குடுக்கிறன். பிள்ளையள் என்னைப் பார்க்கிறாளவை இல்லை. அவர் குடையோடை நிண்ட அந்த மூலையைத்தான் பார்க்கிறாளவை. நான் 'குடு' எண்டு கத்தினால் ஒருத்தியும் பந்தைக் குடுக்கிறாள் இல்லை. அவர் கத்தினால் குடுப்பாளவை.

ஸைனுலாப்தீன்: அவர் 'குடு குடு' எண்டு போட்ட சத்தத்துக்கு, றோட்டால போற மனுசனே கையில இருக்கிற மீனைக் குடுத்துட்டுப் போவான். அந்தத் தொண்டை உனக்கு வர நாள் செல்லும்.

நிருஜா: அதுதான் சொல்லுறன். அவரும் இல்லை. இந்த ரிங்கும் நேராப் போச்சுதெண்டால்... இது ஆர்ட கிறவுண்ட் நானா? வேற எந்த ஊர்க் கிறவுண்ட் எண்டும் சொல்லலாம். எனக்கு அவர் விட்டுட்டுப் போனது இந்தக் கோணல் ஒண்டுதான்.

ஸைனுலாப்தீன்: ...நீ நல்லாக் கதைக்கிறாய். கடை போட்டிருந்தாய் எண்டா என்னைப் பட்டினி போட்டிருப்பாய்.

நிருஜா: அப்ப இக்ராம் அண்ணனை இறங்கச் சொல்லுங்கோ.

ஸைனுலாப்தீன்: ஏலாது.

நிருஜா: ஏன் ஏலாது? இவ்வளவு காலமும் கோணிக்கொண்டு நிண்டதுதானே. இண்டைக்கு மட்டும் என்ன அவசரம்?

ஸைனுலாப்தீன்: அது... பார்வைக்கு வடிவில்லை.

நிருஜா: வடிவோ? உங்கட கடை வாசலிலை துருப்பிடிச்ச தகரம் மலை மாதிரிக் கிடக்கு. அதைத் தாண்டி உள்ளுக்கு வாறதுக்கே நேர்த்தி வைக்கோணும். நீங்கள் வடிவைப் பற்றிக் கதைக்கிறியள்.

ஸைனுலாப்தீன்: அது சரக்கு.

நிருஜா: உண்மையைச் சொல்லுங்கோ நானா.

ஸைனுலாப்தீன்: ...இந்த ரிங்குக்கு இரும்பு குடுத்தது ஆரெண்டு தெரியுமா?

நிருஜா: உங்கட வாப்பா. நாளைக்கு மைக்கிலை அவருக்கு நன்றி சொல்லப் போகினம். நான்தானே எழுதிக் குடுத்தனான்.

ஸைனுலாப்தீன்: நீ எழுதிக் குடுத்தாய். நல்லம். மைக்கில 'ரிங் அன்பளிப்பு' எண்டு எங்கட வாப்பாட பேரைச் சொல்லுவாங்க. சனம் எல்லாம் ஒரே அடியா மேல பார்க்கும். மேல என்ன நிக்குது? அது.

நிருஜா: அட...

ஸைனுலாப்தீன்: அது கப்பல் இரும்பு புள்ள. துறைமுகத்தில உடைச்ச கப்பலில எடுத்தது. வாப்பா தானே பார்த்துப் பொறுக்கி, தானே அடிக்க வைச்சுக் கொண்டு வந்து பூட்டினவர். பூட்டி ஒரு கிழமை ஆகேல்லை, வளைஞ்சு போச்சு. அண்டையிலிருந்து இந்த ஊர்ல ஒரே கதை. 'அந்தக் கடை இரும்பு கச்சான் அடிச்சா வளையும்.' முற்றவெளியிலிருந்து மூதூர் வரைக்கும் இதுதான் கதை. இண்டைக்கும் ஆணி வாங்க வாறவன் ஆணியைத் தூக்கிக் காட்டி, 'காக்கா, இது ஆணியோ ரிங்கோ?' எண்டு கேட்டுத்தான் விலை குறைக்கிறான்.

நிருஜா: பகிடிக்குத்தானே கேட்கினம்.

ஸைனுலாப்தீன்: எனக்குப் பகிடி. வாப்பாவுக்கு இல்லை. அந்த மனுசன் மவுத்தாகும் வரைக்கும் இந்தத் தெருவால வந்ததில்லை. பள்ளிக்குப் போறதெண்டாலும் சுத்தித்தான் போவார். மழைக்குள்ளயும் சுத்தித்தான்.

நிருஜா: எனக்குத் தெரியாது நானா. மெய்யாத் தெரியாது... சேர் இருக்கேக்கையே இதைச் சொல்லி நிமித்தியிருக்கலாமே?

ஸைனுலாப்தீன்: எந்த முகத்தோட கேட்கிற? ரிங் வளைஞ்சது தெரிஞ்ச அண்டைக்கு, 'இரும்பில பிழையில்லை, நான்தான் பயிற்சிக்காக வளைச்சனான்' எண்டு கிளப் செயலாளருக்கு முன்னால நிண்டு சொன்னவர் அவர். ஊர் நம்புமா? அவர்ட உயரம் உனக்குத் தெரியும்.

நிருஜா: எனக்குத் தோள் மட்டம்.

ஸைனுலாப்தீன்: அந்த உயரத்தில, அந்த உடம்பில, கப்பல் இரும்பை வளைச்சாராம்! எல்லாரும் சிரிச்சவங்க. 'பாவம் கதிரவேல், இரும்புக் கடைக்காரன்ட மானத்தைக் காப்பாத்தப் பொய் சொல்லுறான்' எண்டவங்க. வாப்பாவும் அப்பிடித்தான் நினைச்சவர். எங்கட குடும்பத்துக்காகப் பொய் சொன்ன மனுசன், அவர் இருக்கும் வரைக்கும் அந்த ரிங்கில நான் எப்பிடிக் கை வைக்கிற?

நிருஜா: அதுதான் இப்ப...

ஸைனுலாப்தீன்: அதுதான் இப்ப. இக்ராம், மெஷினைப் போடு.

நிருஜா: பொறுங்கோ. ஒரு விசயம் சொல்லேல்லை. நான் ரீச்சருக்குப் போன் அடிச்சிட்டன்.

ஸைனுலாப்தீன்: எந்த ரீச்சருக்கு?

நிருஜா: சேர்ட வைஃபுக்கு. இலட்சுமி ரீச்சருக்கு.

ஸைனுலாப்தீன்: என்ட அல்லாவே... அந்த மனுசியையா கூப்பிட்டாய்? எட்டாம் வகுப்பில கணக்குப் பிழைச்சதுக்கு என்னை வாங்கில் மேல ஏத்தி விட்டவ. இன்னும் இறங்கச் சொல்லேல்லை.

நிருஜா: ஓட்டோ சத்தம் கேட்குது. வந்திட்டா.

இலட்சுமி: ஆர் அது ஏணியிலை? இறங்குங்கோ.

ஸைனுலாப்தீன்: இறங்கு இக்ராம். அவ சொன்னா இறங்குறதுதான்.

இலட்சுமி: ஸைனுலாப்தீன், சேட்டுப் பொத்தானைப் போடு.

ஸைனுலாப்தீன்: ஓம் ரீச்சர்... போட்டாச்சு ரீச்சர்.

இலட்சுமி: ரிங்கிலை கை வைச்சாச்சோ?

நிருஜா: இல்லை ரீச்சர். இனித்தான்... ரீச்சர், உங்கட செருப்பு.

இலட்சுமி: செருப்புக்கு என்ன?

நிருஜா: ஒண்டு நீலம். மற்றது கறுப்பு.

இலட்சுமி: ரெண்டும் காலிலைதானே கிடக்கு? ஊருக்குள்ளை திரியிற அந்த மானைக் கலைச்சு விடு முதல்ல, பிள்ளையளின்ரை சாப்பாட்டுப் பையை மோந்துகொண்டு நிக்குது.

ஸைனுலாப்தீன்: ரீச்சர் ஓடியா வந்த நீங்க?

இலட்சுமி: நான் ஏன் ஓடுறன்? பள்ளிக்கூடத்திலை ஓடின பிள்ளையளை அடிச்சவள் நான்... கொஞ்சம் கெதியா நடந்தனான். அவ்வளவுதான்.

ஸைனுலாப்தீன்: இருங்க ரீச்சர். இக்ராம், அவ இருக்க அந்தக் கதிரையைக் கொண்டா. நீங்க வந்தது நல்லம். நாளைக்கு முதல்ல சேர்ட நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தை வாசிக்கப் போறாங்களாம். முப்பத்தொண்டுக்கு நீங்க அடிச்சுக் குடுத்த புத்தகத்தில ஒரு பாட்டு இருக்கே... 'ஆறடி உயரத்து அண்ணலே'.

நிருஜா: அது கூடத்தான் நானா.

ஸைனுலாப்தீன்: கூடவா? சேரை ரெண்டு தரம் அடுக்கினாலும்... மன்னிச்சுக் கொள்ளுங்க ரீச்சர்.

இலட்சுமி: என்னத்துக்கு மன்னிப்பு? நானும் அந்தப் புலவரிட்டைச் சொன்னனான், 'ஐயா, இவர் நாலே முக்கால் அடிதான்' எண்டு. 'அம்மா, நாலே முக்கால் அடி எண்டால் பாட்டிலை ஓசை உடையும்' எண்டார். எங்கட ஒழுங்கையிலை போன வருசம் செத்த தபால்காரருக்கும் ஆறடிதான் எழுதினவர்.

ஸைனுலாப்தீன்: செத்தாத்தான் ஆள் வளருது.

இலட்சுமி: அந்தக் கட்டை உயரத்தோடைதான் எங்கட மனுசன் துறைமுக ரீமுக்கு ஆடினவர். நெடுவல் நெடுவலா நிக்கிற ஆக்களின்ரை கக்கத்துக்குள்ளாலை பூந்து வெளியாலை வருவார். பந்து எங்கை எண்டு அவங்கள் மேலை தேடுவாங்கள்.

நிருஜா: நீங்கள் பார்த்தனீங்களோ ரீச்சர்?

இலட்சுமி: ...நான் எங்கை பார்க்கிறது? ஆக்கள் சொன்னது.

ஸைனுலாப்தீன்: ரீச்சர், நேராக் கேட்கிறன். ரிங்கை நிமித்தட்டுமா?

இலட்சுமி: வேண்டாம். கிடக்கட்டும்.

நிருஜா: பார்த்தீங்களோ நானா!

ஸைனுலாப்தீன்: பொறு. ரீச்சர், காரணம்?

இலட்சுமி: கிடக்கட்டும் எண்டால் கிடக்கட்டும்.

ஸைனுலாப்தீன்: அது காரணம் இல்லை ரீச்சர். கணக்குப் படிப்பிச்ச நீங்களே வழி காட்டாம விடை சொன்னா எப்பிடி? எங்களுக்கு அப்பிடிச் செஞ்சா முட்டைதானே போட்ட நீங்க.

இலட்சுமி: பெயின்ற் அடி. புது வலை கட்டு. பார்வைக்கு வடிவா வரும்.

ஸைனுலாப்தீன்: வடிவு பிரச்சினை இல்லை.

இலட்சுமி: அப்ப நாளைக்குப் போட்டியை அந்தப் பக்கத்து ரிங்கிலை மட்டும் வைச்சு...

நிருஜா: ரீச்சர், ரெண்டு ரிங் வேணும்.

இலட்சுமி: ஓ.

ஸைனுலாப்தீன்: ரீச்சர், நான் சந்தையில பிறந்தவன். நீங்க இப்ப மூண்டு விலை சொல்லிட்டீங்க. விக்க மனமில்லாத ஆள்தான் இப்பிடி விலை மாத்தி மாத்திச் சொல்லுறது. உங்கட கையில ஏதோ கிடக்கு.

இலட்சுமி: என்ட கையிலை என்ன கிடக்கு? நான் இருக்கும் வரைக்கும் விடு தம்பி. பிறகு நீ உருக்கி ஆணி அடி.

ஸைனுலாப்தீன்: உங்களுக்கு அல்லா ஆயுசைக் குடுக்கட்டும். ஆனா அது வரைக்கும் எங்கட வாப்பா அந்தப் பழியோட கிடக்கிறதா?

இலட்சுமி: என்ன பழி?

நிருஜா: ரீச்சர், ரிங் வளைஞ்சது இரும்பு சரியில்லாததாலை எண்டு... ஊரிலை ஒரு கதை.

இலட்சுமி: இரும்போ? ஆர் சொன்னது?

ஸைனுலாப்தீன்: ஆர் சொல்லேல்லை ரீச்சர்? கந்தளாய்ச் சந்தையில கூடச் சொல்லுவாங்க. உங்களுக்கு மெய்யாத் தெரியாதா?

இலட்சுமி: எனக்கு ஆர் தம்பி பகிடிக்கதை சொல்லுறது? நான் வாறதைக் கண்டால் கதையை நிப்பாட்டிப்போட்டு வாய்ப்பாடு சொல்லுற ஊர் இது.

ஸைனுலாப்தீன்: வாப்பா இந்தத் தெருவால வாறதையே விட்டவர் ரீச்சர். கடைசி வரைக்கும்.

இலட்சுமி: ...கடைசி வரைக்குமோ?

ஸைனுலாப்தீன்: ஓம்.

இலட்சுமி: எங்கட மனுசன் எனக்கு இதைச் சொல்லேல்லை... ஒரு நாளும் சொல்லேல்லை. அதுதான் அந்த மனுசன் ஒரு முழக் கம்பி வேணுமெண்டாலும் உங்கட கடைக்குத்தான் போவார். தேவையில்லாத பூட்டு, தேவையில்லாத வாளி... வீட்டிலை எட்டு வாளி கிடக்கு. ஏனப்பா எண்டு கேட்டால், 'ஓட்டை விழுந்தால் உதவும்' எண்டு சொல்லுவார்.

ஸைனுலாப்தீன்: எங்கட கடையில பேரம் பேசாம வாங்கின ஒரே ஆள் அவர்தான். வாப்பா சொல்லுவார், 'கேட்ட விலையைக் குடுக்கிறவனைக் கவனமாப் பாரு, அவன் மனசில வேற கணக்கு ஓடுது' எண்டு.

இலட்சுமி: உங்கட வாப்பா கெட்டிக்காரன்.

நிருஜா: ரீச்சர்... உங்களுக்கு இந்த ரிங் எப்பிடி வளைஞ்சதெண்டு தெரியும். தெரியும்தானே?

இலட்சுமி: இக்ராமைக் கொஞ்சம் தேத்தண்ணி குடிச்சிட்டு வரச் சொல்லு.

ஸைனுலாப்தீன்: இக்ராம், போய்க் குடி. ரெண்டு குடி... சொல்லுங்க ரீச்சர்.

இலட்சுமி: அவர் அப்ப துறைமுகத்திலை கிளார்க். வேலை முடிஞ்சால் இங்கைதான். எல்லாரும் போன பிறகும் தனியா நிண்டு பந்து போடுவார். நான் ரியூசன் முடிஞ்சு இந்தப் பக்கத்தாலை போறனான்.

ஸைனுலாப்தீன்: உங்கட வீடு அப்ப ஓர்ஸ் ஹில்லிலதானே? ரியூசன் கடற்கரைப் பக்கம். இந்தப் பக்கத்தால எப்பிடி...

இலட்சுமி: மான் பார்க்க வாறனான்.

நிருஜா: மான் பார்க்க.

ஸைனுலாப்தீன்: மான்.

இலட்சுமி: என்ன ரெண்டு பேருக்கும் சிரிப்பு? அந்தக் காலத்திலை இங்கை நிறைய மான்.

ஸைனுலாப்தீன்: நாங்க சிரிக்கேல்லை ரீச்சர். சொல்லுங்க.

இலட்சுமி: ஒரு நாள் பின்னேரம். மழை விட்ட கையோடை. ரிங் புதுசு, பூட்டிக் கொஞ்ச நாள்தான். கிறவுண்டிலை ஒருத்தரும் இல்லை. அண்டைக்குத்தான் வளைஞ்சது. அடுத்த நாள் விடிய, செயலாளர் அவரைக் கூப்பிட்டு விசாரிச்சவர். கடைசியா நிண்டது அவர்தானே. வேற சாக்கு, சாட்டு ஒண்டும் வாயிலை வரேல்லையாம். 'சரிஞ்ச ரிங்கிலை பயிற்சி எடுத்தால் குறி திறமா வரும், அதுக்காக நான்தான் வளைச்சனான்' எண்டு சொல்லிப்போட்டார்.

நிருஜா: அந்த இடத்திலை நிண்டு யோசிச்ச சாட்டோ அது?

இலட்சுமி: பின்னை? செயலாளர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 'அப்பிடியோ மாஸ்டர்? அப்ப இந்தப் பொடியளுக்குப் பழக்கிக் காட்டுங்கோ பார்ப்பம்' எண்டிட்டார். அடுத்த பின்னேரம் பத்துப் பொடியள் வரிசையிலை வந்து நிண்டவங்கள். அது வரைக்கும் அவர் ஒருத்தருக்கும் ஒண்டும் பழக்கினவர் இல்லை.

ஸைனுலாப்தீன்: ரீச்சர், அப்ப... கோச் ஆனதே...

இலட்சுமி: அந்தச் சாட்டாலைதான். முதல் நாள் இரவு முழுக்க யோசிச்சவராம், என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறதெண்டு. கடைசியிலை 'பந்தை வைச்சிருக்காதை, குடு' எண்ட ஒண்டுதான் அவருக்குத் தெரிஞ்சதாம். அதையே சாகும் வரைக்கும் சொன்னவர்.

நிருஜா: கடவுளே... நான் அந்தக் கோணலை ஒரு பெரிய தத்துவம் எண்டு நினைச்சுப் பிள்ளையளுக்கு வகுப்பெல்லாம் எடுத்தனான்.

இலட்சுமி: எடு பிள்ளை, எடு. சாட்டாத் தொடங்கினாலும் அதாலை எத்தனை பேர் திருத்தமா ஆடினவை! உன்னைச் சேர்த்து. முதல் வருசம் அவருக்கும் தொண்டை வரேல்லை, தெரியுமோ? பொடியள் அவரைப் பார்க்காமல் மானைப் பார்த்துக்கொண்டு நிண்டவங்களாம். வீட்டை வந்து அழாக் குறை. உனக்கும் வரும்.

நிருஜா: ...ஓம் ரீச்சர்.

ஸைனுலாப்தீன்: கதை நல்லம். ஆனா என்ட கணக்கு இன்னும் தீரேல்லை. சேர் சொன்ன பொய் எங்கட வாப்பாவுக்காக இல்லை. சரியா?

இலட்சுமி: இல்லை தம்பி.

ஸைனுலாப்தீன்: அப்ப தன்னைக் காப்பாத்தச் சொன்னது. அவர்தான் ஏதோ குரங்குச் சேட்டை விட்டு அதில தொங்கியிருக்கிறார்.

நிருஜா: என்னெண்டு நானா தொங்குறது? சேர் துள்ளினாலும் வலை நுனியிலை விரல் படாது. நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறன்.

ஸைனுலாப்தீன்: ஏணி வைச்சிருப்பார்.

இலட்சுமி: ஏணி இல்லை.

ஸைனுலாப்தீன்: மேசை?

இலட்சுமி: மேசையும் இல்லை.

நிருஜா: அப்ப எப்பிடி எட்டினவர்?

இலட்சுமி: எட்டேல்லை. அவர் ஒரு நாளும் அந்த ரிங்கைத் தொட்டதில்லை.

ஸைனுலாப்தீன்: ரீச்சர், ஒண்டில் இரும்பு பிழை, இல்லாட்டி ஆள் பிழை. மூண்டாவதா ஒண்டு இந்த உலகத்தில இல்லை. எங்கட வாப்பாட இரும்பு எப்பிடிப்பட்ட இரும்பு? அதை மட்டும் சொல்லுங்க. நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போறன்.

இலட்சுமி: சோக்கான இரும்பு, ஸைனுலாப்தீன். நாளைக்கு மைக்கிலை அதை நீ நிமிர்ந்து நிண்டு சொல்லு, சாட்சிக்கு என்னைக் கூப்பிடு... ஒருக்காப் பந்தைக் கையாலை உள்ளுக்குப் போட்டுப் பார்க்க ஆசை எண்டு கேட்டதுக்கு அவர் தோளிலை ஏத்தி விட்டவர். அந்த நேரம் பார்த்துக் காவல்காரன் செருமினான், இந்த மனுசன் வெருண்டு ஒரு எட்டு விலகிட்டார்... சீலைக் கரையை ஒரு கையாலை பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையாலை அந்த ரிங்கிலை தொங்கிக்கொண்டு நிண்டது நான்.